ராணுவ மரியாதை அரை மணி நேரம், மீதி எல்லாம் ஊர் வேலை

பணியில் உயிர்விட்ட பட்டாளத்துக்காரரின் உடல் ஊருக்கு வரும் நாளில், ராணுவம் நடத்தும் மரியாதை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் பிசகு நடப்பது அபூர்வம். பிசகுவதெல்லாம் அதைச் சுற்றி நடக்கும் ஊர் வேலையில்தான். லாரி திரும்ப முடியாத சந்து, பெட்டி நுழையாத வாசல், நீளம் போதாத குழி, பியூகிள் ஊதும்போது யாரோ கொளுத்திப் போட்ட சரவெடி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பும் ஊர்கள் பல. எந்த ஊருக்கும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. வந்துவிட்டால், பொறுப்பெடுத்துச் செய்ய நாலு பேருக்காவது இந்த விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் செய்தி யூனிட்டிலிருந்து, அதாவது அவர் வேலை பார்த்த படைப்பிரிவிலிருந்து வரும். ராணுவப் பதிவில் நெருங்கிய உறவினர் என்று யார் பெயர் இருக்கிறதோ, மனைவியோ தகப்பனாரோ, அவருக்குத்தான் முறைப்படி சொல்வார்கள். சில சமயம் உடன் வேலை பார்க்கும் நண்பர் வழியாக ஊர்ப் பையன்களுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வாயடக்கமாக இருப்பதுதான் ஊர் செய்யக்கூடிய முதல் உதவி. தன் வீட்டுக்காரர் படத்தின்மேல் கண்ணீர் அஞ்சலி என்று எழுதி வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துத்தான் ஒரு பெண்ணுக்குச் செய்தி தெரிய வேண்டுமா? யூனிட் சொல்லி முடிக்கும் வரை எந்தக் குழுவிலும் ஒரு வரிகூடப் போகக்கூடாது.

அடுத்த வேலை, எல்லாப் போன்களையும் எடுத்துப் பேச ஒரே ஒருவரை நிறுத்துவது. ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் முன்னாள் படைவீரர்தான் இதற்குச் சரியான ஆள். அனுபவம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இந்தி. உடலோடு வரும் எஸ்கார்ட், அதாவது யூனிட்டிலிருந்து துணைக்கு வரும் வீரர், தமிழ் தெரிந்தவராக இருப்பார் என்று நம்பியிருக்க முடியாது. விமானம் எது, உடல் எந்த நிலையில் இருக்கிறது, பெட்டியைத் திறக்கலாமா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கூடவே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் தனித்தனியாக உண்டு. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், காவல் நிலையம், ஊராட்சி ஆகியோருக்கும் அதே நபர் சொல்வது நல்லது. ஆளாளுக்குப் பேசினால் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு நேரம் குறித்து வைத்திருப்பார்கள்.

உடல் எப்போது வரும் என்பதில்தான் பெரும்பாலும் ஏமாற்றம். காஷ்மீரிலோ லடாக்கிலோ நடந்தது என்றால், உடற்கூறாய்வு, உடல் கெடாமல் மருந்தேற்றுவது, அங்கே யூனிட் செலுத்தும் அஞ்சலி, டெல்லிக்கு ஒரு விமானம், அங்கிருந்து பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ இன்னொரு விமானம் என்று போகும். மலைப் பகுதியில் வானிலை கெட்டால் முதல் விமானமே கிளம்பாது. ஆகவே இரண்டு நாள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டங்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரு வழிதான் சுருக்கம். தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர், தர்மபுரி இன்னும் 45 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, பெங்களூரு நகரத்தைக் குறுக்கே கடந்து, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்து சேர்வதற்குள்தான் நேரம் ஓடிவிடும். கோவை, சேலம் வழியாக வந்தால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே போதும், வண்டிகள் நின்றுவிடும். விமானம் இறங்கியதிலிருந்து வீட்டு வாசல் வரை கிருஷ்ணகிரிக்கு நான்கு மணி நேரம், தர்மபுரிக்கு ஐந்து, அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப் பக்கம் என்றால் அதற்கும் மேல் என்று கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கில் மாலை 4 மணிக்கு மேல் உடல் வரும் என்று தெரிந்தால், அன்றே அடக்கம் என்று அறிவிக்காமல் இருப்பதே மேல். இருட்டில் குழி விளிம்பு தெரியாது, வந்த கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியாது, எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டாருக்கு அழக்கூட நேரம் கிடைக்காது. இரவு உடலை அரசு மருத்துவமனைப் பிணவறையில் வைத்துவிட்டுக் காலையில் ஊருக்குக் கொண்டுவரக் கேட்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கு வசதி உண்டு. வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வாடகைக்குக் கிடைக்கும் ஐஸ் பெட்டி ஓர் ஆள் படுக்கும் அளவுதான். ராணுவப் பெட்டி அதற்குள் போகாது.

சாலைக்கு வருவோம். நம் பக்கத்துக் குடியிருப்பு தெருத்தெருவாக இருப்பதில்லை. பாதிப் பேர் வீடு விளைநிலத்துக்கு நடுவே கொட்டாயில், அதாவது தோட்டத்து வீட்டில் இருக்கும். தார்ச் சாலையிலிருந்து இறங்கினால் மாந்தோப்புக்கு நடுவே ஒரு மண் பாதை, அதன் முடிவில் வீடு. ராணுவ லாரி உயரமும் அகலமும் கொண்டது. முந்தைய நாளே ஒரு டிப்பர் லாரியையோ நெல் ஏற்றும் லாரியையோ அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். அது போய், திரும்பி, வெளியே வந்தால் ராணுவ லாரியும் வரும். தாழ்ந்து தொங்கும் மாங்கிளை, புளியங்கிளையை வெட்ட வேண்டும். குறுக்கே போகும் மின்கம்பியை நீங்களே கழியால் தூக்க வேண்டாம். மின்வாரிய லைன்மேனிடம் சொன்னால் ஏற்றிக் கட்டுவார், தேவைப்பட்டால் அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவார். மழை பெய்து செம்மண் குழைந்திருந்தால் இரண்டு லோடு கிராவல் அடிப்பதைத் தவிர வழியில்லை. எதுவும் ஆகாது என்றால், லாரியைத் தார்ச் சாலையிலேயே நிறுத்தி, அங்கிருந்து வீரர்கள் தோளில் தூக்கி வருவார்கள். அதில் தவறே இல்லை, ஆனால் அது முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிய வேண்டும். நூறு கிலோவைத் தாண்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரை கிலோமீட்டர் வரப்பில் நடக்க முடியாது. மாற்று ஆட்கள் வேண்டும், நடுவே இறக்கி வைக்க இரண்டு இடத்தில் மேசை வேண்டும்.

தூக்குபவர்கள் ஆறு பேர் அல்லது எட்டுப் பேர், ஒத்த உயரத்தில் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கால் பக்கம் முன்னால் வரும். ஊர்ப் பையன்கள் பாசத்தில் ஓடிவந்து நடுவே தோள் கொடுத்தால், உயரம் மாறி, நடை மாறி, பெட்டி சாயும். பையன்களுக்குத் தோள் கொடுக்க ஆசை இருந்தால், வீரர்களை நடத்தி வரும் சுபேதாரிடம் முன்பே கேளுங்கள். வீட்டிலிருந்து வண்டி வரை ஊரார், வண்டியிலிருந்து அடக்க இடம் வரை வீரர்கள் என்று பிரித்துக்கொள்ள முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முக்கியமானது வாசலை அளப்பது. பெட்டி ஆறரை முதல் ஏழு அடி நீளம், இரண்டரை அடி வரை அகலம், அதற்கு மேல் இரு பக்கமும் தூக்குபவர்களின் கை. பழைய வீட்டு நிலைவாசலில் நேராக நுழைந்தாலும் நடையில் திரும்பாது. ஆகவே வாசலில் பந்தல் போட்டு, அங்கேயே வைப்பதுதான் சரி. ஆட்டம் இல்லாத இரண்டு பெஞ்சு, இடுப்பு உயரம், மேலே வெள்ளைத் துணி. பிளாஸ்டிக் மேசை கூடவே கூடாது. பந்தலைச் சுற்றித் துணி மறைப்பு கட்டுங்கள். இது எதற்கு என்றால், வீட்டாருக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளக்கூடாது. அமைச்சர் வருகிறார், ஆட்சியர் காத்திருக்கிறார், பத்திரிகைக்காரர்கள் வெயிலில் நிற்கிறார்கள், எல்லாம் சரிதான். ஆறு மாதம் முன்பு லீவில் வந்துவிட்டுப் போனவர் பெட்டியில் வந்திருக்கிறார். பெற்றவளும் கட்டியவளும் பிள்ளைகளும் கேமரா இல்லாமல் அவர் பக்கத்தில் இருக்க வேறு நேரமே கிடையாது. மறைப்புக்கு உள்ளே யார் யார் என்று பத்துப் பேரை முடிவு செய்து, வாசலில் கண்டிப்பான ஒரு மாமனை நிறுத்துங்கள். அவர் யார் வந்தாலும் விடக்கூடாது.

பெட்டியைத் திறக்கலாமா என்ற கேள்வி அங்கே வரும். சில பெட்டிகளில் முகம் தெரியக் கண்ணாடி இருக்கும், பிரச்சினை இல்லை. குண்டுவெடிப்பு, வாகன விபத்து, பனிச்சரிவு போன்ற மரணங்களில் திறக்க வேண்டாம் என்று எஸ்கார்ட் சொல்லியிருப்பார். அதை மீறிக் கூட்டத்தின் நடுவே ஆணியைப் பிடுங்குவது பெரிய தவறு. சந்தேகமோ மன உறுத்தலோ இருந்தால், தாய்மாமனோ அண்ணனோ மனத்திடம் உள்ள ஒருவர் முதலில் தனியாகப் பார்க்கட்டும். அவர் வந்து சொல்வதை வீடு ஏற்றுக்கொள்ளும்.

சடங்குகள் இதில் எங்கே வரும் என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். குளிப்பாட்டுவது நடக்காது, ஏனென்றால் மருந்தேற்றிய உடல் அது. உட்கார வைத்து அடக்கம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களும் நம் மேற்குப் பக்கத்தில் உண்டு. மருந்தேறி விறைத்த உடலை மடக்க முயலக்கூடாது. கோடி போடுவது, நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. கொடியை எடுத்துத் தரும்படி சுபேதாரிடம் முன்பே சொல்லுங்கள். அவர்களே எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, சடங்கு முடிந்ததும் மறுபடி போர்த்துவார்கள். பெட்டி திறக்கவில்லை என்றால் வாய்க்கரிசியைப் பெட்டியின் முன்னால் ஒரு முறத்தில் எல்லாரும் போட்டு, கடைசியில் குழியில் சேர்த்துவிடலாம். கொடி போர்த்தியிருக்கும்போது மஞ்சள் நீர், பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கொடி பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் அதிகம். 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், கொடி குழிக்குள் இறங்கவும் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. தேசியக் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவமதிப்பு. அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதிச் சடங்கு மட்டும்தான் விலக்கு. அதனால் யூனிட் கொண்டுவரும் கொடி ஒன்றே போதும். உள்ளூர் நண்பர்கள் கடையில் வாங்கிய இன்னொரு கொடியைப் பெட்டிமேல் விரிப்பதும், பூ அலங்கார வண்டியின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் கொடியைச் சுற்றிக் கட்டுவதும் நல்ல எண்ணத்தில் செய்யும் பிழைகள். கட்சிக் கொடிக்கும் சாதிச் சங்கக் கொடிக்கும் அந்தப் பக்கமே வேலை இல்லை. பள்ளிக்கூடத்துக் கொடியை அரைக்கம்பத்தில் இறக்க வேண்டும் என்று சிலர் தலைமையாசிரியரை நெருக்குவார்கள். அரைக்கம்பம் யாருக்கு என்று பட்டியலும் அரசு ஆணையும் இருக்கின்றன, பள்ளி தானாக முடிவெடுக்க முடியாது. அந்த ஆசிரியரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

மாலைகளைக் கொடிமேல் குவிக்காதீர்கள். ஈரச் செண்டுமல்லியின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கினால் போகாது. அந்தக் கொடிதான் கடைசியில் மனைவியின் கைக்கு வரப்போகிறது. ஓசூர், ராயக்கோட்டைப் பக்கம் பூவுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஆளுயர மாலைகள் குவியும்; அவற்றைப் பெட்டியின் கால்மாட்டில் ஒரு பெஞ்சு போட்டு அதில் வையுங்கள். மலர்வளையங்களுக்குச் சாய்வாக நிற்கும் தாங்கி வேண்டும். தாங்கி இல்லாவிட்டால் மூங்கில் தப்பையில் ஒன்று கட்டிக்கொள்ளலாம். யார் முதலில் வைப்பது என்ற வரிசை ராணுவ அதிகாரியிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் இருக்கட்டும். மைக்கைப் பிடிப்பவர் அந்தத் தாளை மட்டும் படித்தால் சண்டை வராது. பேனர் வைத்தே தீர வேண்டும் என்றால் ஒன்றே ஒன்று, அதில் அவர் படம், பெயர், பதவி, படைப்பிரிவு மட்டும். பதவியை எஸ்கார்டிடம் கேட்டு எழுதுங்கள். லான்ஸ் நாயக்கை நாயக் என்றும், ஹவில்தாரைச் சுபேதார் என்றும் அச்சடித்து நிறுத்திவிடுகிறார்கள். உடன் பணியாற்றியவர்களுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இனி குழி. அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

நம் ஊரில் குழி வெட்டுபவருக்குப் பழகிய அளவு பாடையில் வரும் உடலுக்கானது, ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். பெட்டிக்கு அது போதாது. எட்டடி நீளம், நான்கடி அகலம், ஆறடி ஆழம் என்று சொல்லி, குச்சியால் தரையில் கோடு கிழித்துக் காட்டிவிடுங்கள். கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் அகலத்தில் சிக்கனம் கூடாது. அரைக்குழியில் பெட்டி சிக்கிக்கொண்டு, மேலே தூக்கி, மண்வெட்டியால் ஓரத்தைச் செதுக்கி மறுபடி இறக்கும் காட்சியைப் பெற்றவள் பார்க்கக்கூடாது.

இரண்டாவது தொல்லை பாறை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் மூன்றடி மண்ணுக்குக் கீழே கருங்கல்தான். சொந்த நிலத்தில், மாமரத்தடியில், அவர் வாங்கிய கரட்டு நிலத்தில் என்று வீட்டார் இடம் சொல்வார்கள். ஜேசிபி வந்து மூன்றடியில் நின்றுவிடும். வெட்டிய குழியை இரவெல்லாம் வெறுமனே விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதால் முதல் நாளே வெட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். கடப்பாரை போதும். சொன்ன இடத்தில் நான்கைந்து இடம் குத்திப் பாருங்கள். ‘ணங்’ என்று ஓசை வந்தால் பத்தடி தள்ளிப் பாருங்கள். வேறு இடமே இல்லை என்றால் பாறை உடைக்கும் பிரேக்கர் பொருத்திய இயந்திரத்துக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

சொந்த நிலத்தில் அடக்கம் செய்ய நினைத்தால் இன்னொன்றும் உண்டு. உரிமம் பெற்ற இடுகாடு தவிர, குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புதைக்கக்கூடாது என்பது கிராம ஊராட்சி விதி. கொட்டாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிணறு இருக்கும். ஊராட்சியிலும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். துக்க நாளில் யாரும் தடுக்கமாட்டார்கள்தான். பின்னாளில் பங்காளிகளுக்குள் நிலம் பாகம் பிரியும்போதுதான் அந்தச் சமாதி பிரச்சினையாகும்.

வெட்டிய மண்ணை ஒரே பக்கமாகக் குவியுங்கள். மறுபக்கம் வீரர்கள் நிற்க, குடும்பம் நிற்க வெறும் தரை வேண்டும். குழியின் குறுக்கே இரண்டு உறுதியான பலகை அல்லது இரும்புக் குழாய் போட்டு, பெட்டியை முதலில் அதன்மேல் வைப்பது வழக்கம். அடியில் மூன்று வடக்கயிறு: தலை, இடுப்பு, கால். கிணற்றுக் கயிறு போன்ற கனத்த கயிறு, ஒவ்வொன்றும் இருபதடிக்குக் குறையாமல். நைலான் கயிறு கையில் வழுக்கும். ஆறு பேர் கயிற்றை இறுக்கிப் பிடித்ததும் பலகையை உருவிவிட்டு, ஒரே சீராக இறக்க வேண்டும். கால் பக்கத்துக் கயிறு மட்டும் வேகமாக நழுவினால் உள்ளே உடல் சரியும். பெட்டியை இறக்கிய பிறகு துப்பாக்கி முழக்கமா, முழங்கிய பிறகு இறக்குவதா என்பது யூனிட்டுக்கு யூனிட் சற்று மாறும். கயிறு பிடிப்பவர்களுக்கு அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

தகனம் என்றால் வேறு கணக்கு. உள்ளே தகரம் அடித்த பெட்டியை அப்படியே சிதையில் வைக்க முடியாது. உடலை எடுத்துப் பாடைக்கு மாற்ற வேண்டும், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை நீக்க வேண்டும். இதை மயானத்துக்குள் நாலு பேர் வேட்டியால் மறைப்புப் பிடிக்க, நெருங்கிய ஆண்கள் செய்வதே மரியாதை. கட்டை 400 முதல் 500 கிலோ வரை பிடிக்கும். காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். நேற்று வெட்டிய புளிய விறகு புகையும், எரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் கட்டையை முதல் நாளே தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சீக்கிரம் பற்றட்டும் என்று பெட்ரோல் ஊற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அதன் ஆவி கொள்ளி வைக்கும் சின்னப் பிள்ளையின் முகத்தில்தான் பற்றும். நெய், கற்பூரம், வரட்டி போதும்.

மயானத்தைச் சுற்றிப் பார்க்கும்போது தலையைத் தூக்கியும் பாருங்கள். ஆலமரத்திலோ பாறை இடுக்கிலோ மலைத்தேனீக் கூடு இருந்தால், புகையும் சத்தமும் அதைக் கிளப்பிவிடும். இடத்தைத் தள்ளி வைத்துக்கொள்வதே வழி. பக்கத்து நிலத்தில் கட்டிய மாடுகளை அந்த ஒரு மணி நேரத்துக்கு அவிழ்த்துத் தூரத்தில் கட்டச் சொல்லுங்கள்.

துப்பாக்கிக் குழு நிற்க, சமதளமான இடம் வேண்டும். கூட்டத்துக்குப் பத்து மீட்டர் தள்ளிச் சவுக்குக் கட்டை நட்டுக் கயிறு கட்டுங்கள். அவர்களுக்கு முன்னால் யாரும், எந்தச் செல்போனும் வரக்கூடாது. வெற்றுத் தோட்டாதான், ஆனால் கிட்டத்தில் அதன் அனலும் துகளும் கண்ணைக் கெடுக்கும். செய்திகளில் 21 குண்டு, 24 குண்டு, 30 குண்டு என்று ஒவ்வொரு விதமாக வருவதைப் பார்த்து, எங்கள் பிள்ளைக்கு ஏன் குறைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. குறைப்பதெல்லாம் இல்லை. முழக்கம் எப்போதும் மூன்று முறைதான். ஏழு பேர் நின்றால் 21, எட்டுப் பேர் என்றால் 24, பத்துப் பேர் என்றால் 30. குடியரசுத் தலைவருக்கு முழங்கும் 21 என்பது பீரங்கி, அது வேறு. ஒவ்வொரு முழக்கத்துக்கும் நடுவே வீரர்கள் கையால் துப்பாக்கியை இழுப்பதைப் பார்க்கலாம். முன்னால் ரவை இல்லாததால் உள்ளே அழுத்தம் சேராது, துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளாது.

தெறித்து விழும் காலித் தோட்டாக்களைப் பிள்ளைகள் நினைவுக்கென்று பொறுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவை ஒவ்வொன்றும் கணக்கு. எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டியது அந்தக் குழுத் தலைவரின் பொறுப்பு. ஒன்று குறைந்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டும், தேடி முடிக்கும் வரை வண்டி கிளம்பாது.

ஆணைகள் இந்தியில் வரும். சலாமி சஸ்த்ர என்றால் துப்பாக்கியை முன்னால் நிமிர்த்திச் செய்யும் மரியாதை. ஷோக் சஸ்த்ர என்றால் துப்பாக்கியின் வாய் கீழே காலணிமேல் இறங்கும், இரண்டு கையும் கட்டைமேல் படியும், தலை குனியும். அப்போதுதான் பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற இறுதி அஞ்சலி இசையை ஊதுவார்கள். ஒன்றிரண்டு நிமிடம் நீளும் அந்த ஓசைக்கு முன்னும் பின்னும் எந்தச் சத்தமும் வேண்டாம். வீர வணக்கம் என்ற முழக்கம், பாரத மாதா கோஷம் எல்லாம் ஊர்வலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழட்டும். இங்கே நேராக நின்று, செருப்பைக் கழற்றி, வாய் மூடி நிற்பதுதான் முறை. சல்யூட் அடிப்பது சீருடையில் இருப்பவர்களுக்கும், தொப்பியும் பதக்கமும் அணிந்து வந்த முன்னாள் வீரர்களுக்கும் விட்டுவிடலாம். பறை, கொம்பு இசைப்பவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்களை மதித்து முன்பே சொல்லுங்கள். மயான எல்லைவரை அவர்கள் ஊர்வலம், அதற்குப் பிறகு பியூகிள். வெடிக்காரரிடம் ஊருக்குள்ளேயே வெடியை வாங்கி வைத்துவிடுவது நல்லது.

மரியாதைக்குப் பிறகு கொடியை மடிப்பார்கள். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும். அசோகச் சக்கரம் மேலே தெரியும்படி மடித்து, இரு உள்ளங்கையில் ஏந்தி வந்து கொடுப்பார்கள். யார் கையில்? இது அந்த இடத்தில் முடிவாக வேண்டிய விஷயம் இல்லை. மனைவி இருந்தால் மனைவிக்கு, மணமாகாதவர் என்றால் தாய் தகப்பனுக்கு என்பதே வழக்கம். மாமியாருக்கும் மருமகளுக்கும் மனக்கசப்பு இருக்கும் வீட்டில் முதல் நாளே பேசிவிடுங்கள். தாயும் மனைவியும் சேர்ந்து கை நீட்டி வாங்கிக்கொண்டால் யூனிட் மறுக்காது.

பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்ற வழக்கம் நம் பக்கத்தில் பல சாதிகளில் இன்னும் இருக்கிறது. அப்படி என்றால் கொடியை வீட்டு வாசலில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் மனைவி வருகிறேன் என்றால், அவரைத் தடுக்க ஊரில் யாருக்கும் உரிமை இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். அவர் வருவதற்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள அக்காவோ நாத்தனாரோ இருவர், ஒரு குடை, ஒரு சொம்பு தண்ணீர், கொஞ்சம் தள்ளி நிழலில் ஆம்புலன்ஸ். பட்டினியோடு வெயிலில் நிற்கும் உடம்பு அது.

வந்த வீரர்களை ஊர் மறந்துவிடுகிறது. இருபது முப்பது பேர் விடியற்காலையில் கிளம்பி வந்திருப்பார்கள், அவர்களுக்கும் அது துக்கம். உடை மாற்ற, ஒதுங்க ஒரு வீடோ பள்ளி அறையோ, குடிக்க மோர், முடிந்ததும் சாப்பாடு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பங்காளி அல்லாத வேறு வீட்டில் சமைக்கச் சொல்லுங்கள்.

எல்லா மரணத்துக்கும் எல்லாம் ஒன்றாக நடக்காது. பணியில் மாரடைப்பிலோ விபத்திலோ போனவருக்கும் ராணுவ மரியாதை உண்டு, ஆனால் பண உதவியும் ஓய்வூதியமும் போரில் இறந்தவருக்கு உள்ளது போல இருக்காது. தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்தால் நேரும் மரணத்துக்கு 1967-ஆம் ஆண்டு முதலான ராணுவ ஆணைப்படி மரியாதை அணிவகுப்பு கிடையாது. அந்த வீட்டுக்கு ஊர் இன்னும் கூடுதலாகத் துணை நிற்க வேண்டும். ஏன் குண்டு முழங்கவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து ஆராயக்கூடாது.

கல் நடுவதற்கு அவசரம் இல்லை. மண் அமுங்க ஒரு மழைக்காலம் ஆகட்டும், இல்லாவிட்டால் மேடை விரிசல் விடும். வேடியப்பன் என்று நடுகல்லைக் கும்பிடும் மண் இது. தொறு மீட்டுப் பட்டவனுக்கு, அதாவது மாட்டு மந்தையை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்குக் கல் நட்ட ஊர்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு தாண்டியும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், பெயின்ட் நிற்காது. பொது இடத்தில் சிலை என்றால் அரசு அனுமதி வேண்டும்.

காகிதங்களுக்குப் பதினாறாம் நாள் வரை பொறுக்கலாம். அதுவரை மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

சில வாரங்கள் கழித்து அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி வரும். மேலே வெள்ளைப் பெயின்டில் பெயரும் எண்ணும் யூனிட்டும் எழுதியிருக்கும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் கூட வரும். இரண்டு பேர் உட்கார்ந்து பட்டியலோடு சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணம், கைப்பேசி, கைக்கடிகாரம், பதக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். உள்ளே மடித்திருக்கும் துணிகளைத் துவைத்து வைக்கலாம் என்று யாரும் எடுத்துப் போக வேண்டாம். அவற்றை என்ன செய்வது என்று அவர் மனைவி சொல்லட்டும், அவர் சொல்லும் வரை அந்தப் பெட்டி அப்படியே இருக்கட்டும்.